நான் சொன்ன சரி

போன வருஷம் என் நாத்தனாரோட கல்யாணத்தை நிறுத்த ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தாங்க. அவளுக்குப் பதினேழு வயசு. "எனக்கே பதினாறுல ஆச்சு, இவளுக்கு இன்னா?"ன்னு சத்தம் போட்டது நான்தான்.

"எனக்குச் சம்மதம்தான் மேடம்," என்றாள் நாத்தனார்.

"வேணாம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா?" என்று கேட்டார் அதிகாரி. "மறுக்க முடியாத வயசுல சொல்ற சம்மதத்தைச் சட்டம் ஏத்துக்காதும்மா. அதுக்குத்தான் பதினெட்டு."

பதினாறு வயசுல ஆம்பூர் ஷூ கம்பெனி வாசல்ல, வேலை கேட்டுப் போன என்னை "பதினெட்டு ஆனதும் வா"ன்னு திருப்பி அனுப்பினாங்க. அந்த மாசமே வீட்டுல எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சாங்க. நானும் சரின்னுதான் சொன்னேன்.

அன்னிக்குக் கல்யாணம் நின்னுச்சு; நாத்தனார் இப்போ காலேஜ் போறா. பார்க்கப் பார்க்கப் பொறாமையா இருக்கு. நான் சொன்ன சரியை மட்டும் எல்லாரும் உடனே நம்பிட்டாங்க.