எட்டுப் பேர் இருந்த குவார்ட்டர்ஸ்

பிள்ளைகளே, நெய்வேலியில் மொத்தம் எத்தனை பேர் என்று நேற்று என்னிடம் கேட்டீர்கள். அந்தத் தொகை எனக்குத் தெரியாது. அதில் நாம் எப்படிச் சேர்ந்தோம் என்பது மட்டும் தெரியும்.

நேர்நேரான சாலைகள், எண் போட்ட பிளாக்குகள், அதுதான் டவுன்ஷிப். சுரங்கம் அப்படியில்லை, ஆண்டுக்கு ஆண்டு நகரும். எங்கள் ஊர் அதற்குள் போய்விட்டது. நான் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக, மண்ணைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், பர்மனென்ட் ஆள், தன் குவார்ட்டர்ஸின் பின் அறையில் எங்களைத் தங்கவைத்திருந்தார். வெளியாளை வைக்கக்கூடாது என்பது விதி.

மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப் பள்ளிக்கூட வாத்தியார் வருகிறார் என்றதும் அண்ணாச்சிக்குக் கைகால் ஓடவில்லை.

"நீங்க இருக்கது தெரிஞ்சா என் குவார்ட்டர்சே போயிரும் வே. காலையிலயே மந்தாரக்குப்பம் போயிருங்க."

"நாங்க உள்ளாற சத்தமில்லாம உக்காந்துகினு இருக்கிறோம் அண்ணாச்சி" என்றாள் உங்கள் அம்மா.

அண்ணாச்சியின் மனைவி சிரித்துவிட்டார். "நீ வாயத் தொறந்தா போதுமே, எந்த ஊருக்காரின்னு தெரிஞ்சிரும்!"

பெரியவளே, நீ அப்போது இடுப்புக் குழந்தை. மறுநாள் டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் தெரிந்தவர் கடையில் போய் உட்கார்ந்தோம். அங்கேயும் ஒருவர் கணக்கெடுக்க வந்தார்.

"நீங்க எங்க தங்கியிருக்கீங்க?"

"டவுன்ஷிப்புலங்க."

"அப்ப அங்கதான் எழுதுவாங்க" என்று அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். "நம்ம ஊருதான் இல்லாம போச்சு. இப்ப நாமளும் இல்லையாங்க?"

கணக்கில் பேர் இல்லாவிட்டால் ரேஷன் கார்டு கிடைக்காது, உன்னைப் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது. வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் அண்ணாச்சியின் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் நாம் எங்கேயும் இல்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, அடுத்த பிளாக்கில் எழுதிக்கொண்டிருந்த வாத்தியாரைக் கண்டுபிடித்தேன். அந்தத் தெருவில் மூன்று தடவை போனேன், வந்தேன். கடைசியில், வீட்டு எண்ணைச் சொல்லாமல் கேட்டுவிடலாம் என்று போய் நின்றேன்.

"சார், ஒரு வூட்ல வெளியாளு தங்கியிருந்தா எழுதுவீங்களா?"

"எந்த வீடு?"

பயத்தில் எண் வாயில் வந்துவிட்டது. அவர் தாள்களைப் புரட்டினார்.

"அங்க எட்டுப் பேர் எழுதிட்டேனே. அவங்க அஞ்சு பேரு, தம்பி, தம்பி சம்சாரம், ஒரு பெண் குழந்தை. நீங்க யாரு?"

"தம்பிங்க."

"அண்ணன் பேச்சு திருநெல்வேலி. உங்க பேச்சு இந்தப் பக்கமா இருக்கே?"

"சின்னதுலயே இங்க வந்துட்டேங்க."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மூணு பேரும் அங்கதான இருக்கீங்க?"

"அங்கதாங்க இருக்கிறோம்."

"அப்ப சரி, போங்க."

வேகமாக வீட்டுக்கு வந்து அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்ல எத்தன பேருன்னு கேட்டாரு. நீங்க இல்லன்னு சொல்ல மனசு வரல. வெளியாளுன்னு சொல்லத் தைரியம் வரல. என்ன செய்யச் சொல்லுதீரு?"

"மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க வெயில்ல கொழந்தைய தூக்கிகினு அலைஞ்சிருக்க மாட்டோமே!" என்றாள் உங்கள் அம்மா.

"பாத்தியா, இந்தப் பேச்சுக்குத்தான் அனுப்பி வச்சோம்" என்றார் அண்ணாச்சியின் மனைவி.

வாத்தியார் சரிபார்க்க மறுபடியும் வந்தால் என்ன செய்வது? அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அதனால் பெரியவளே, அந்த வாரம் முழுக்க உன் அம்மா உன்னைத் திருநெல்வேலிப் பேச்சில் "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டுப் பழகினாள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.