மேல்வீட்டுச் சின்னவளின் தமிழ்

எங்கள் வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசிய பிள்ளை நான் அல்ல. மேல்மாடியில் இருந்த குவாத்தமாலாக்காரியின் மகள்.

இதெல்லாம் நடந்து முடிந்தபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் பிரெஞ்சு, தம்பியோடு சண்டை பிடிப்பதும் பிரெஞ்சில்தான். அம்மா தமிழில் என்ன கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்வேன். அம்மாவுக்குப் பாதி விளங்கும். மீதியை என் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வார்.

மேல்வீட்டு அன்ரிக்குக் காலையில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் வேலை, பின்னேரத்தில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. சனி, ஞாயிறிலும் வேலைதான். புருஷன் இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டு பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கும் இடத்தை மொன்றியலில் கார்டெரி என்பார்கள். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மகள் வயிற்றில் இருக்கும்போதே அன்ரி பெயர் கொடுத்திருந்தார். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பல்லும் முளைத்தது. இடம் மட்டும் வரவில்லை.

ஒருநாள் அன்ரி வேலைக்குப் போக வழியில்லாமல் குழந்தையோடு படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போய் வா என்று கையால் காட்டினார். இருவருக்கும் இடையில் நடந்த ஒப்பந்தம் அவ்வளவுதான். ஐந்தாறு பிரெஞ்சுச் சொற்களை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படி மூன்று வருடம் ஓட்டினார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

சின்னவள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். பிட்டும் வாழைப்பழமும் பிசைந்து ஊட்டினால்தான் சாப்பாடு இறங்கும். அப்பா துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் இரவு வேலை முடித்துவந்து படுத்தால், "சத்தம் போடாதேங்கோ, அப்பா படுக்கிறார்" என்று என்னையே அதட்டுவாள். நான் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என் அம்மாவை அம்மா என்றாள். "நல்ல காலம், இந்த வீட்டில ஒண்டாவது தமிழ் கதைக்குது" என்று அப்பா என்னைச் சீண்டுவார். அன்ரி வேலை முடிந்து வரும்போது அவள் பெரும்பாலும் தூங்கிப்போயிருப்பாள். தோளில் போட்டுக்கொண்டு மேலே போவார்.

அவளுக்கு நாலு வயது ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் இடம் வந்தது. அன்ரி படிகளில் ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மாவும் சிரித்தார். கார்டெரிக்குப் போட்டுக்கொண்டு போகச் சின்னவளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது அம்மாதான்.

இரண்டு கிழமை போயிருக்கும். அன்ரி எங்கள் குசினிக்கு வந்து உட்கார்ந்தார். சின்னவள் வழக்கம்போல என் தம்பியோடு தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். அன்ரி உடைந்த பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, நான் என் அரைகுறைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். கார்டெரியில் பிள்ளை வாயே திறப்பதில்லையாம். தாயின் மொழியான ஸ்பானிஷ் தெரிந்த ஆசிரியையைக் கூட்டிவந்தும் பேசவில்லையாம். காற்சட்டையோடு சிறுநீர் போய்விடுகிறாளாம். இவளுக்குப் பேச்சு வராது போலிருக்கிறது, வைத்தியரிடம் காட்டுங்கள், வேறு மாதிரியான இடம் பார்க்கவேண்டி வரலாம் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டாராம்.

"ஆர், இவளுக்கோ பேச்சு வராது?" என்று அம்மா சிரித்தார்.

அதே நேரம் கீழேயிருந்து சின்னவள் கத்தினாள். "அம்மா, இவன் என்ர காரைத் தாறானில்லை! எனக்குச் சூவும் வருது!"

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்ரி மகளைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். யாருக்கும் எதையும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. தன் பிள்ளைக்குப் பேச்சு வரும், அது தனக்குத்தான் விளங்காது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்த நேரம் அது. 

எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள், அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கார்டெரிக்குப் போனார். மூலையில் தனியாக இருந்த சின்னவள் அம்மாவைக் கண்டதும் பாய்ந்து வந்தாள். இத்தனை நாளும் அடக்கி வைத்ததையெல்லாம் தமிழில் கொட்டினாள். ஆசிரியைகள் வாய் பிளந்து நின்றார்கள். பொறுப்பாளர் நல்ல மனுசி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். இடத்துக்கு இனிப் பயமில்லை. ஆனால் பிள்ளை இங்கே பிரெஞ்சும் வீட்டில் தாயின் மொழியும் பழகவேண்டும், கொஞ்சக் காலம் நீங்கள் விலகியிருந்தால் நல்லது என்றார்.

"இனி நீங்க இவளோட தமிழ் கதைக்க வேண்டாமாம்" என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"ஓம், அது சரிதானே" என்றார் அம்மா.

அன்ரி பின்னேர வேலையை விட்டுவிட்டார். அடுத்த நாள் தாயோடு வந்துகொண்டிருந்த சின்னவள், படியில் அம்மாவைக் கண்டு, "அம்மா, பிட்டு இருக்கோ?" என்று கேட்டாள். அம்மா யாரோ அயலவரைப் போல, "போன்ஜூர்" என்றார். அவள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மறுபடியும் கேட்டாள். அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டார். சின்னக் கை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. அம்மா குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். கழுவுவதற்கு அங்கே ஒரு கோப்பைகூட இல்லை. சின்னவளோடு அம்மாவுக்குக் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

பனி விழத் தொடங்கிய நாட்களில், தாயும் மகளும் ஸ்பானிஷில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு படி ஏறுவார்கள். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, சத்தம் மேலே போய் மறையும்வரை கேட்டுக்கொண்டு நிற்பார். கோடையில் அவர்கள் பக்கத்து நகரமான லவாலுக்கு வீடு மாறினார்கள். அன்ரி அம்மாவின் தோளில் விழுந்து அழுதார். சின்னவள், "ஒவுவார், மதாம்" என்று பிரெஞ்சில் அழகாக விடைபெற்றாள். அம்மாவும் அதையே திருப்பிச் சொன்னார்.

அன்று பின்னேரம் அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் என் பக்கத்தில் வந்து இருந்தார். "நீ எண்டாலும் என்னோட கொஞ்சம் கதையன், பிள்ளை" என்றார்.

நாள் முழுக்க நான் வாய் மூடாமல் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன், இதென்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், என்ன கதைக்க வேண்டும் என்று கேட்டேன். பிரெஞ்சில்தான் கேட்டேன்.