கிரிவலப் பாதையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை

மாசிப் பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்பு திருவண்ணாமலைக்குப் போனோம். கோயில் மட்டும் காரணமில்லை. இதயத்தில் சிறு கோளாறு என்று தெரிந்ததிலிருந்து என் கணவர் சேகருக்கு உப்பு குறைந்த சாப்பாடுதான். ஓட்டல் கூடவே கூடாது. அதனால் நாங்கள் பயணம் போகும் விதமே மாறிவிட்டது. அடுப்படி உள்ள வீடாகப் பார்த்து, ஒரே இடத்தில் பத்து நாள் தங்கி, நானே சமைக்கிறேன். எங்களைப் போலப் பத்தியத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறினோம். நாலரை மணி நேரப் பயணம். பேருந்து நிலையத்திலிருந்து, கிரிவலப் பாதையில் நாங்கள் வீடு எடுத்திருந்த அடி அண்ணாமலைக்கு ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய் (முன்னூறு கேட்டார், சேகர் பேசிக் குறைத்தார்). வீட்டு வாடகை நாளுக்கு எண்ணூறு. ஒரு அறை, சமையலறை, வாசலில் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம்.

சமையலறை ஜன்னல் முழுக்க மலைதான். விடியும்போது அது புகையால் செய்ததுபோல் நிற்கும். வெயில் ஏறியதும் பாறைகளின் வரிகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். மாலையில் ஊதா நிறமாகி, பார்த்துக்கொண்டே இருந்தால் சற்று நகர்ந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். சேகர் வாசல் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அவருக்கும் தெரியாது. முதல் இரண்டு நாள் அப்படித்தான் கரைந்தது.

மூன்றாம் நாள் கொண்டுபோன காய் தீர்ந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிரிவலப் பாதை நெடுக வரிசையாகக் கடைகள். டீ, இளநீர், கற்பூரம், ருத்ராட்சம், சரம்சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள். ஒரு கடையில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஓட்ஸும் அவகாடோவும்கூட இருந்தன. கத்தரிக்காய் இல்லை. ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். சுற்றிவர வருகிறவர்கள் கத்தரிக்காயா வாங்குவார்கள், வாடினால் யார் தலையில் கட்டுவது என்றார். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டும் வைத்திருந்தார். திரும்பும் வழியில் ஒரு கத்தரித் தோட்டமே இருந்தது. அங்கிருந்தவர், பறித்ததெல்லாம் விடிவதற்குள் மூட்டையாக டவுனுக்குப் போய்விட்டது என்றார். செடியில் பிஞ்சுதான் மிச்சம்.

வீட்டுக்கார அம்மா மல்லிகா பின்கட்டில் இருக்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை. அவர் மகள் தேவிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பெண் வெளிறிப்போய் இருந்தாள். ரத்தம் கம்மியாக இருக்கிறது, முருங்கைக்கீரை நிறையக் கொடுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். பின்னால் ஒரு முருங்கை மரம் இருந்ததாகவும், இந்த அறையைக் கட்டும்போது வெட்டிவிட்டதாகவும் மல்லிகா சொன்னார். அக்கம்பக்கத்திலும் அறைகள் எழும்ப எழும்ப மரங்கள் போய்விட்டன. தெருவில் மிஞ்சிய ஒன்றைக் கம்பளிப்பூச்சி மொட்டையடித்திருந்தது.

காய்க்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். காதர் பாயின் வண்டிதான் என்றார். டவுனிலிருந்து லோடு ஆட்டோவில் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருவார். இப்போது மூன்று வாரமாக வரவில்லை. மல்லிகாவும் மகளின் பிரசவத்துக்காக லீவில் இருந்ததால் வேலை விட்டு வரும்போது டவுனில் வாங்கிவரவும் வழியில்லை. வீட்டில் ரேஷன் அரிசியும் பருப்பும் இருந்தன.

பௌர்ணமிக்கு முந்தின மாலையே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. வெறுங்கால்களின் சத்தம் எப்படியிருக்கும் தெரியுமா? மழை வருவதற்கு முன் தென்னந்தோப்பில் கேட்கும் ஒரு சரசரப்பு. அது நிற்கவே இல்லை. வழியெங்கும் அன்னதானம். புளியோதரை, சாம்பார் சாதம், சுண்டல். போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் தொன்னை. சேகர் என்னிடம் சொல்லாமல் போய் இரண்டு தொன்னை சாப்பிட்டுவிட்டு வந்தார். முகத்தில் அப்படியொரு நிறைவு. திட்ட மனசு வரவில்லை.

காலையில் அவருடைய கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. சென்னையில் மருத்துவரிடம் போனில் பேசினேன். மாத்திரையைக் கூட்டினார். இரண்டு நாளைக்கு உப்பே வேண்டாம், காய்கறியாகக் கொடுங்கள், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி என்றார். கிரிவலப் பாதையில் வண்டிகள் ஓடத் தடை போட்டிருந்தார்கள். வயல் வழியாக ஆஸ்பத்திரிக்குச் சுற்றிப்போக ஒரு ஆட்டோக்காரர் நானூறு கேட்டார். தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொல்லி அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். சுற்றிலும் இத்தனை சாப்பாடு, அதில் ஒரு கவளம்கூட அவருக்கு ஆகாது.

மல்லிகா காதர் பாய்க்குப் போன் போட்டார். அவர் வேங்கிக்காலில் புது வீடுகள் பக்கம் விற்றுக்கொண்டிருந்தார். நான்கரை மணிக்கு டவுன் முனையில் தடுப்புப் போட்டிருக்கும் இடத்துக்கு வந்தால் பார்க்கலாம் என்றார். பௌர்ணமியன்று டவுன் மார்க்கெட் பக்கம் கால் வைக்க முடியாது. அதோடு பாயிடம் நேரில் பேச வேண்டும் என்றும் மல்லிகாவுக்கு இருந்தது. தேவியிடம் சேகரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டரை மணிக்கு இருவரும் கிளம்பினோம். ஆறு கிலோமீட்டர்.

அந்த நடையை எப்படிச் சொல்வது? நாங்கள் நடக்கவில்லை, கூட்டம் எங்களை எடுத்துக்கொண்டு போனது. வலப்பக்கம் மலை ஒவ்வொரு வளைவிலும் வேறு முகம் காட்டியது. முன்னால் போன ஒரு குடும்பம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போக, அந்த முணுமுணுப்பு எங்கள் மூச்சோடு கலந்துவிட்டது. நான்கு இடத்தில் தொன்னையை நீட்டினார்கள். கவலையோடு கிளம்பியவள் பாதி வழியில் கவலையை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். தேவிக்குப் போன் போட்டுக் கேட்டபோது, சார் தூங்குகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பாயின் வண்டி நின்றது. ஏறக்குறைய காலி. இரண்டு சுரைக்காய், கொஞ்சம் கத்தரிக்காய், அவரைக்காய், ஒரே ஒரு கட்டு முருங்கைக்கீரை. பாய் ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். கேட்ட வீட்டுக்கெல்லாம் கொடுத்துவிட்டதாகவும், இந்தக் கீரையை மட்டும் மல்லிகாவுக்காகச் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்ததாகவும் சொன்னார். அதை மல்லிகா எடுத்துக்கொண்டார். சுரைக்காயும் அவரையும் எனக்கு. என் பங்கு அறுபது ரூபாய்.

அப்புறம்தான் மல்லிகா கேட்டார்.

"ஏன் பாய் எங்க பக்கம் வர்றதே இல்ல?"

பாய் மறைக்கவில்லை. அடி அண்ணாமலைக்கு வந்தால் வீட்டுக்கு வீடு நிறுத்த வேண்டியிருக்கிறது, பாதிப் பேர் டவுனிலேயே வாங்கிவிடுகிறார்கள், டீசலுக்கே கட்டவில்லை என்றார். வேங்கிக்கால் புது வீடுகளில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் வண்டி காலியாகிவிடுகிறதாம்.

"டவுனுக்குப் போறவங்க வாங்கிக்குவாங்க பாய். போக முடியாதவங்கதான் வீட்டுல கெடக்கிறாங்க. எம் பொண்ணு மூணு வாரமா பருப்பு ரசம்தான் சாப்பிடறா."

பாய் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டார். பெண் என்றார் மல்லிகா.

"எல்லாரும் ஒரே எடத்துக்கு வந்து நிப்பீங்களா?" என்றார் பாய். "உங்க ஊர்க் கோயில் முன்னால. நான் தெருத்தெருவா சுத்த மாட்டேன்."

"வருவாங்க. நான் கூப்பிட்டுக்கினு வரேன்."

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி என்று பேச்சு முடிந்தது.

வந்த வழியிலேயே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். மல்லிகா மறுத்துவிட்டார். "எதிர்ல நடக்கக் கூடாதுக்கா. சுத்தியே போயிடலாம்." ஆறு கிலோமீட்டருக்குப் பதில் எட்டு. கீரை வாடாதா என்றேன். அவர் முந்தானையை ஒரு குழாயில் நனைத்துக் கட்டின்மேல் சுற்றிக்கொண்டார்.

டவுனைக் கடக்கும்போது இருட்டத் தொடங்கியது. கோபுரங்களுக்கு மேல் நிலா பெரிதாக, ஆரஞ்சுப் பழத்தின் நிறத்தில் வந்தது. கூட்டம் முழுவதும் ஒரு நொடி அண்ணாந்து பார்த்தது. செங்கம் சாலையில் மரங்களுக்கடியில் நிழலும் வெளிச்சமுமாக மாறி மாறி நடந்தோம். மல்லிகாவின் கையில் ஈரச் சேலைச் சுருளுக்குள் கீரை இருந்ததால், ஒரு அம்மா குழந்தை என்று நினைத்துக் கிட்டே வந்து விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. வெகுநேரம் அடங்கவில்லை.

எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தோம். என் பாதம் இரண்டும் கொதித்தன. சேகர் எழுந்து உட்கார்ந்திருந்தார். உப்பில்லாமல் சுரைக்காயை வேகவைத்துச் சீரகமும் மிளகும் போட்டுக் கொடுத்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டார். பின்கட்டிலிருந்து கீரை வதங்கும் வாசனை வந்தது. அதற்கு மூன்றாம் நாள் சேகரின் கால் பழையபடி ஆனது.

செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் பதினோரு பெண்கள் நின்றார்கள். பாய் அரை மணி தாமதமாக வந்தார். ஆனால் வந்தார். போன வாரம் மல்லிகாவிடம் போனில் பேசினேன். வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொல்லிக் கேட்டதற்கு, பாய் ஒரு நாள்தான் முடியும் என்றுவிட்டாராம். தேவி இப்போது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தானே வண்டிக்குப் போய்க் காய் பொறுக்குகிறாள். முகத்தில் நிறம் வந்திருக்கிறது என்றார்.

பத்தியத்தோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிரிவலப் பாதையில் தங்குவதானால் மூன்று நாளைக்கான காயை டவுனிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் காலைக்குள் எல்லாம் வாங்கி முடித்துவிடுங்கள். மருத்துவரின் போன் எண்ணைக் கையில் வைத்திருங்கள். முழுச் சுற்று பதினான்கு கிலோமீட்டர், நாங்கள் நின்று நின்று ஐந்தரை மணி நேரத்தில் முடித்தோம்.

அங்கே எங்காவது ஒரு காய்கறி வண்டி நிற்பதைப் பார்த்தால் வாங்குங்கள். உங்களைப் போன்றவர்களும் வாங்கினால்தான் அந்த வண்டிக்கு டீசல் கட்டும். ஆனால் கீரை ஒரே ஒரு கட்டுதான் இருக்கிறதென்றால், கையை நீட்டுமுன் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள்.