கவுத்தக்கா கொட்டாத தொட்டி

தெருமுனையில் நீலக் கோட்டு தெரிந்ததும் எங்கள் தெருவில் முதலில் சாத்தப்படுவது பின்கதவுதான். டிரம்களும் தொட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன.

"கவுத்தக்கா வர்றா!" என்று ஒரு குரல் கேட்கும். உடனே பத்து வீட்டில் பாத்திரம் நகரும் சத்தம்.

நகராட்சியில் அவள் ஒப்பந்தத் தொழிலாளி. வீடு வீடாகப் போய், தேங்கின தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கவிழ்த்துக் கொட்டுவது வேலை. கவிழ்ப்பதால் கவுத்தக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று தெருக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் வாரத்துக்கு நாலு பேராவது வாய் தவறிக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

அவளைப் போல இந்த வேலை செய்தவர்களை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் டிரம்முக்குள் டார்ச்சை நேராக அடித்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வெளிச்சமோ நிழலோ பட்டவுடன் புழு அடியில் போய்விடும். தண்ணீர் பளிங்கு மாதிரி தெரியும். இவள் டார்ச்சை ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நிழல் விழாமல், அசையாமல் நிற்பாள். எவ்வளவு ஓடி ஒளிந்தாலும் மூச்சு விட அது மேலே வந்துதான் ஆகவேண்டும். வரும். நூல் துண்டு போல நெளிந்து நெளிந்து வந்து, வாலை மேலே ஒட்டி, தலைகீழாகத் தொங்கும். அப்போதுதான் வாயைத் திறப்பாள்.

"இந்தா பாருங்க, உங்க வீட்டுப் பிள்ளைங்க."

கொட்டிய பிறகும் விடமாட்டாள். பையிலிருந்து நார் பிரஷை எடுத்து உட்சுவரைச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பாள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே மிளகுத் தூள் ஒட்டினது போல முட்டை இருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். "கொட்டுறது பாதிதாம்மா. தேய்க்கலைன்னா கொட்டினதும் வீண்" என்பது அவள் ஓயாமல் சொல்லும் பேச்சு.

பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடியில் மறந்துபோன பெயின்ட் டப்பா, வாழை இலையின் அடிக்கவடு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஓட்டின் ஓரத்தில் இலை அடைத்த தகரக் குழாய் என்று எதையும் விடமாட்டாள். மாடித் தோட்டம் வைத்திருந்த தபால்காரர் ஒருவர் அவளுக்காகவே எல்லாத் தட்டிலும் மணல் கொட்டி வைத்தார். மீதிப் பேர் வாயால்தான் விரட்டினார்கள்.

"எங்க வீட்டுக் கொசுதான் கடிச்சுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அது நெத்தியில கதவு நம்பர் எழுதியிருக்கா?" என்பார் மளிகைக் கடைக்காரர்.

"நூறு அடி இருநூறு அடிக்கு மேல அது அதிகமா போகாதுண்ணே. உங்க கடையில பொறந்தா உங்க கடைக்கு வர்றவங்களத்தான் கடிக்கும். வியாபாரம் உங்களுது."

"வாயப் பாரு! வீட்டுல மாமா காபியாவது குடிக்கிறாரா, அதையும் கவுத்துடுறியா?"

"ஆறிப்போனா கவுத்துடுவேன்."

அவள் சிரிக்கமாட்டாள். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

இந்த வேலைக்கு அவள் சம்பளத்துக்காக வரவில்லை. முன்பு துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அங்கே இதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. வந்ததற்குக் காரணம் அவள் நாத்தனார் மகள்.

கவுத்தக்காவுக்குப் பிள்ளை இல்லை. அடுத்த சந்தில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரே பெண். பல் நீண்டு, காது பெரிதாய், ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிற பிள்ளை. அவளைச் சுண்டெலி என்று கூப்பிட ஆரம்பித்தது இவள்தான். பள்ளி விட்டதும் பை தோளில் இருக்கும்போதே அத்தை வீட்டுக்குத்தான் அது வரும்.

"அத்தை, இன்னைக்கு எத்தனை பேர் திட்டினாங்க?"

"நீ முதல்ல கை கால் கழுவுடி."

"கழுவின தண்ணிய என்ன செய்யணும்? தேங்க விடக் கூடாது. சரியா?" என்று டீச்சர் குரலில் கேட்டுவிட்டு, அத்தையின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு ஓடும்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்து பிழைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "முதல் தடவை தப்பிச்சுட்டா. ரெண்டாவது தடவை வந்தா கடுமையாக வாய்ப்பு அதிகம். கொசு கடிக்காம பார்த்துக்கங்க." நாத்தனார் தலையாட்டினாள். அவள் புருஷன் லாரி ஓட்டப் போயிருந்தான். கவுத்தக்கா மட்டும் டாக்டர் அறைக்குத் திரும்பிப் போய், கொசு எங்கே முட்டையிடும், எத்தனை தூரம் பறக்கும், எப்போது கடிக்கும் என்று கேட்டு நின்றாள். அடுத்த மாதம் பிசிறுக் கத்தரியை வைத்துவிட்டு நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். நாத்தனார் இருக்கும் சந்து, சுற்றியுள்ள தெருக்கள் எல்லாவற்றையும் தனக்கே ஒதுக்கித் தரவேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கினாள். ஊரைக் காப்பாற்ற வந்தவள் இல்லை அவள். ஒரு பிள்ளையைச் சுற்றி இருநூறு அடிக்கு வேலி போட வந்தவள்.

முதல் சண்டையே நாத்தனாருடன்தான். புழு இருந்தது என்று ஒரு தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள். "என் அண்ணன் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் வீட்டுத் தண்ணியக் கொட்டுறீங்களா?" என்று நாத்தனார் வாசலில் நின்று கத்தினாள். சில மாதம் பேச்சு இல்லை. பிள்ளையையும் அனுப்பவில்லை. அந்த மாதங்களில் கவுத்தக்கா சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள் என்று அவள் புருஷன் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பிறகு பிள்ளையே ஒரு நாள் சொல்லாமல் ஓடி வந்து, பின்னால் தேடி வந்த அம்மாவையும் உள்ளே இழுத்துப் போட்டு, பேச்சு திரும்பிவிட்டது.

அதற்கடுத்த வருஷம் மழை பொய்த்தது. குழாயில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. வந்த நாளில் தெருவே குடங்களால் அடித்துக்கொண்டது. தண்ணீர் கஷ்டம் வந்தால் கொசு குறையும் என்று பலர் நினைத்தார்கள். கவுத்தக்கா அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கிடைத்ததில் எல்லாம் தண்ணீரைப் பிடித்து, தீரும் வரை வைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் போடும் மருந்தும் ஆபீசுக்கு வந்து சேரவில்லை. "வந்துடும், வந்துடும்" என்றார் சூப்பர்வைசர். அவருக்கு மேலே இருந்தவர்களும் அவரிடம் அதையேதான் சொன்னார்கள்.

அப்படி ஒரு காலையில் நாத்தனார் வீட்டுப் பின்கட்டுக்குப் போனாள். சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நின்றாள். மேலே வந்தன. நாலைந்து புழுக்கள், கூடவே காற்புள்ளி போல வளைந்த கூட்டுப்புழு ஒன்று. அது கொசுவாகப் பறக்க இன்னும் ஓரிரு நாள்தான்.

சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் எழுந்து வந்தாள். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. முந்தின நாள் லாரிக்கருகில் யாரோ குடத்தால் இடித்தது.

"இருக்கா அண்ணி?"

"இருக்கு."

நாத்தனார் கத்தவில்லை. தொட்டி விளிம்பில் இருந்த கவுத்தக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நேத்து இதுக்காக அடி வாங்கியிருக்கேன். அடுத்த லாரி எப்ப வரும்னு தெரியாது. இதையும் கவுத்துட்டா அவளுக்கு நான் எதைக் குடிக்கக் கொடுக்கிறது? சொல்லுங்க. நீங்க சொன்னபடி செய்யுறேன்."

முன்பு போலத் திட்டியிருந்தால் கொட்டியிருப்பாள். கெஞ்சுகிற நாத்தனாரை அவள் பார்த்ததில்லை. தன் வீட்டுத் தண்ணீரைத் தூக்கி வரலாம் என்றால், அங்கேயும் ஒரு பக்கெட்தான் மிச்சம். பேச்சு நின்றுபோன மாதங்களும் நினைவுக்கு வந்திருக்கலாம்.

"நாலா மடிச்ச துணி கொண்டு வா" என்றாள்.

இருவரும் குடத்திலும் பக்கெட்டிலும் துணியில் வடிகட்டி எடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுக்கப் பாத்திரம் போதவில்லை. தொட்டியில் பாதித் தண்ணீர் நின்றது. அதைத் துணியாலேயே அரித்தார்கள். சுவரைத் தேய்க்க வேண்டுமென்றால் தொட்டி காலியாக வேண்டும், தேய்க்கவில்லை. மேலே பழைய போர்வையைப் போட்டு, கயிறு கட்டினாள். மூலையில் கயிறு சரியாக இறுகவில்லை. "நாளைக்கு மருந்து வந்துடும், கொண்டு வந்து போடுறேன்" என்றாள். நாளைக்கு வரவில்லை. அந்த வாரம் அவளை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே காய்ச்சல் கூடியிருந்தது.

சில வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது சுண்டெலிக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கட்டில். காய்ச்சல் ஒரு நாள் காலையில் விட்டது. நாத்தனார் முகம் மலர்ந்துவிட்டது. "சூடே இல்ல அண்ணி, தொட்டுப் பாருங்க. பிஸ்கட் கேக்குறா." கவுத்தக்கா தொட்டுப் பார்த்தாள். நெற்றி சரியாக இருந்தது. பாதம் சில்லென்று இருந்தது. காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து ஆரம்பம் என்று அவள் எத்தனை வாசலில் சொல்லியிருக்கிறாள். நர்சைக் கூப்பிட ஓடினாள்.

சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவளைப் பார்த்துப் பிள்ளை கேட்டது: "அத்தை, இங்க பாத்ரூம்ல ஒரு வாளி இருக்கு. மூடியே இல்ல. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டி. கவுத்துட்டேன்."

"பொய்."

பொய்தான். போய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். வரும்போது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மறுநாள் மதியம் எல்லாம் முடிந்துவிட்டது.

எந்தக் கொசு என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம், டியூஷனில் கடித்திருக்கலாம். "உன்னை நீயே ஏன் கொல்லுற? அது வந்து உன்கிட்டச் சொல்லிச்சா?" என்று புருஷன் கேட்டார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் அவள் போர்வையை அவிழ்த்துப் பார்த்திருந்தாள். அவிழ்ந்திருந்த மூலைக்கு நேர் கீழே, தண்ணீர் மேல், கொசு பறந்துபோன சில காலிக் கூடுகள் மிதந்தன.

அதைச் சொல்லத்தான் ஒரு நாள் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு நான் கொட்டியிருக்கணும்."

"தெரியும் அண்ணி. கையைப் பிடிச்சபோதே உங்க முகத்தைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கையை விடல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஸ்கூல்ல கடிச்சிருக்கும்னு அவங்க அப்பா சொல்றாரு. அவர் அப்படியே நினைச்சுக்கட்டும். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

"சரி."

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. கோவமில்ல. உங்களைப் பார்த்தா எனக்கு அந்தத் தண்ணிதான் தெரியுது."

கவுத்தக்கா அதற்கும் சரி என்றாள்.

வேலைக்குத் திரும்பினாள். ஆனால் ஆள் மாறியிருந்தாள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நிற்கும் அந்தப் பொறுமை இல்லை. உள்ளே வருவாள், கவிழ்ப்பாள், தேய்ப்பாள், போவாள். ஒரு வீட்டில் குழந்தை பெற்று மாதம் ஆகாத பெண். அடுத்த தெருவில் இருந்து பல நடை நடந்து, அன்று காலையில்தான் டிரம்மை நிரப்பியிருந்தாள். கவுத்தக்கா டிரம்மின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தாள். தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது.

"புழு எங்க? காட்டுடி! எங்க புழு?" அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, ஓடும் தண்ணீரைக் கையால் அணைகட்டி ஒரு சொம்பில் அள்ளப் பார்த்தாள். அது சேறாகத்தான் வந்தது. உள்ளே குழந்தை அழுதது. கவுத்தக்கா டிரம்முக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புகார் போயிற்று. சூப்பர்வைசர் நல்ல மனிதர். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"பார்த்துட்டுத்தானேம்மா கொட்டினே?"

"பார்க்கல சார்."

"ஏன் பார்க்கல? உன்னைப் போலப் பார்க்க இங்க ஆளே கிடையாதே."

"பார்த்தா, மறுபடி ஒரு தடவை விட்டுடுவேன் சார்."

அவள் கோட்டைக் கழற்றி மடித்து அவர் முன்னால் வைத்தாள். டார்ச்சும் ஆபீஸ் சொத்து என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவளே எடுத்து வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் எங்கள் தெருவுக்கு வேறொருத்தி வந்தாள். சிரித்த முகம். வாசலிலேயே நின்று, "தேங்கின தண்ணி எதுவும் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றோம். "சரிம்மா" என்று போய்விட்டாள். தெருவில் எல்லோருக்கும் அவளைப் பிடித்திருக்கிறது.