இடது காதில் பஞ்சு

1. தட்டு

ஷூ கம்பெனி பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. ஏறும் பெண்கள் பஸ்ஸின் தகட்டில் இரண்டு முறை தட்டினால் போகலாம். ஒரே தட்டு என்றால் நிற்க வேண்டும், யாரோ ஓடி வருகிறார்கள் என்று அர்த்தம். மாதனூரிலிருந்து ஆம்பூர் வரை பதினெட்டு வருடம் அந்தத் தட்டை நம்பித்தான் ஓட்டினேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஸ்டியரிங், பிரேக் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் காதைப் பற்றிச் சொல்கிறேன்.

என் வண்டி பழையது. இன்ஜின் உள்ளேயே, டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும். அதன் சூடும் சத்தமும் நேராக இடது காதுக்கு வரும். வேர்வையில் காது அரிக்கும், அரித்தால் பைக் சாவியை விட்டுக் குடைவேன். எங்கள் ஷெட்டில் குடையாத டிரைவர் கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் அரிப்பு வலியாக மாறியது. ஏலகிரி மலை ஏறும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கியதும் விட்டுவிடும். இது விடவில்லை. இன்ஜின் உறுமும்போதெல்லாம் உள்ளே ஊசி குத்தியது. ஜன்னல் காற்று என்று நினைத்து மப்ளர் கட்டினேன். காற்று அடித்தது வலது காதில், வலித்தது இடது காதில். என் புத்தி அவ்வளவுதான்.

2. பூண்டு எண்ணெய்

என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வருபவள் ஜெயந்தி. ஸ்டிச்சிங் செக்‌ஷனில் மெஷின் ஓட்டுகிறவள், கை வேகத்துக்குப் பேர் போனவள். நான் முகம் சுளிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, காது நோவுதா?" என்று கேட்டாள். மறுநாள் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சின்ன பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஊற்றினால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு முன்னைவிட ஜாஸ்தியாக வலிக்கும். மறுபடி ஊற்றுவேன். சத்தம் தாங்க முடியாமல் பஞ்சு வைத்து அடைத்தேன். டாக்டரிடம் போகவில்லை. டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் பஷீர் பாய்க்குத் தெரிந்தால் காது கேட்காதவன் என்று வண்டியிலிருந்து இறக்கிவிடுவார் என்ற பயம். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. தட்டு சரியாகக் கேட்காததால் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சமாளித்தேன்.

3. அன்று காலை

மாதனூரிலிருந்து ஆம்பூர் பக்கம் போகும்போது காலை வெயில் பின்னாலிருந்து வரும். அன்று கண்ணாடி முழுக்க வெயில். இரண்டு தட்டு மங்கலாகக் கேட்டது, வண்டியை எடுத்தேன். அதற்குள் ஜெயந்தி ஓடி வந்து படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். வாசலில் நின்ற பெண் ஓங்கி ஒரு தட்டு தட்டியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து கத்திய பிறகுதான் பிரேக் போட்டேன். இறங்கிப் பார்த்தபோது ஜெயந்தி ரோட்டில் கிடந்தாள். வலது மணிக்கட்டு மடங்கியிருந்தது.

பஷீர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நில்லுன்னு தட்னாங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லு. பேஜார் பண்ணாத" என்றார்.

"தட்டல பாய்" என்றேன். பஞ்சு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

அப்படியானால் ஓடுகிற வண்டியில் அவளாக ஏறினாள் என்றுதான் எழுத வேண்டும், கை சரியாகும்வரை அவள் இடத்தைக் கம்பெனி வைத்திருக்காது என்றார். ஜெயந்தியிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முடித்துவிடுகிறேன் என்றும் சொன்னார். பஸ்ஸில் இருந்த மற்ற பெண்களை யாரும் கேட்கவில்லை.

4. பத்து நிமிடம்

அதற்குப் பிறகுதான் வேலூருக்குப் போய் ஒரு காது டாக்டரைப் பார்த்தேன். சின்னக் குழாயை விட்டு உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தார். "சாவியால கீறின புண்ணு, அதுமேல எண்ணெய், அதுமேல பஞ்சு. பூஞ்சை புடிக்காம என்ன செய்யும்? முதல் வாரமே வந்திருந்தா சொட்டு மருந்துல போயிருக்கும்" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் ரோட்டில் போன ஆட்டோ சத்தம் தெளிவாகக் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். வலி போனதற்காக அழவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நேராக ஜெயந்தி வீட்டுக்குப் போனேன். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவள் முதலில் கேட்டதே, "காது இப்ப எப்படிண்ணா இருக்கு?" என்பதுதான்.

என் வாயில் வந்தது வேறு. "நீ குடுத்த எண்ணெய்தாம்மா கெடுத்துச்சாம். டாக்டர் சொன்னாரு."

சாவியைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டு மாதம் மறைத்ததைச் சொல்லவில்லை. அவள் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப எல்லாம் என்னாலதானாண்ணா?" என்றாள். இல்லை என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் பஷீர் பாய் காகிதத்தோடு போனார். "ஓடுகிற வண்டியில் நானாகத்தான் ஏறினேன்" என்று அதில் எழுதியிருந்ததற்கு அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

கட்டுப் பிரித்த பிறகும் இரண்டு விரல் மடங்கவில்லை. மெஷினில் தோலைத் திருப்பிக் கொடுக்க அந்த விரல்கள் வேண்டும். அவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். நான் மேலும் நான்கு வருடம் ஓட்டி ரிட்டயர் ஆனேன். ஜெயந்தி விழுந்த ஸ்டாப்பில் பெண்கள் அதன் பிறகு முஷ்டியால் குத்தினார்கள், தகடே நசுங்கியது. ஒவ்வொரு குத்தும் எனக்கு நன்றாகக் கேட்டது. என்னிடம் மட்டும் யாரும் பேசவில்லை.

ஓட்டும்போது காது வலித்தால் சாவி விடாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள், பஞ்சை அடைத்துக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள். அன்றே இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு டாக்டரைப் பாருங்கள். அழுக்காக இருக்கலாம், சளியாக இருக்கலாம், சொத்தைப் பல்லாகக்கூட இருக்கலாம். வண்டியிலிருந்து இறக்கினால் இறக்கட்டும்.

நான் சந்தைக்குப் போகும் வழியில்தான் ஜெயந்தி வீடு. வாரம் ஒரு தடவை தாண்டிப் போகிறேன். இங்கே எழுதியதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.