முதல் குரல்

தங்கராஜுவைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தான். என்னைப் போலவே டாக்சி ஓட்டுகிறவன். சொந்தமாக ஒரு பழைய மாரிஸ் கார் வைத்திருந்தான். அதில் எந்த மெக்கானிக்கின் கையும் படக்கூடாது. கேட்டால், "அவனுக்கு என்ன கூடுதலா ரெண்டு கையா இருக்கு?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்கு ஒரே மகள், கண்மணி. 1966இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வானொலியில் சிறுவர் நிகழ்ச்சியில் பாட அவளுக்கு வாய்ப்புக் கிடைத்தது. நேரடி ஒலிபரப்பு, விட்டால் போச்சு. வீட்டில் ரேடியோ இல்லை. காரில் இருந்த வால்வு ரேடியோ சூடேறி, கரகரத்து, வாய் திறப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும் என்றான். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போய், திருகியதும் பேசும் டிரான்சிஸ்டர் கார் ரேடியோவும் பெரிய ஸ்பீக்கரும் வாங்கி வந்தான்.

சனிக்கிழமை முழுவதும் காருக்குள் தலைகீழாகக் கிடந்தான். பின்சீட்டுக்குப் பின்னால் பலகையை அறுத்து ஸ்பீக்கரைப் பொருத்தினான். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒயர்களை அப்படியே புதியதில் முறுக்கி டேப் சுற்றினான்.

"ஒருதரம் போட்டுப் பாருடா" என்றேன்.

"சும்மா இரு லா, அழகப்பா. நாளைக்குக் கோயில்ல பூசை போடணும். அப்புறம் இதுல முதல்ல வர்ற குரல் என் மக குரலாத்தான் இருக்கணும்."

அடப்பாவி! புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம், சரி. ரேடியோவுக்கு மௌன விரதமா? கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. மறுநாள் செராங்கூன் ரோட்டுக் காளியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, ரேடியோக் குமிழுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தான்.

மாலையில் அவன் மனைவி பூவம்மா பிள்ளையை வானொலி நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். நாங்கள் இருவரும் டாக்சி ஸ்டாண்டில் அவன் காரில் உட்கார்ந்திருந்தோம். நிகழ்ச்சி நேரம் வந்தது. சாமியைக் கும்பிட்டுக் குமிழைத் திருகினான்.

'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாடை. டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை.

அந்தக் காலத்து மாரிஸில் பேட்டரியின் பிளஸ் முனைதான் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கும். அந்த வால்வு ரேடியோ அதையெல்லாம் பார்க்காது. டிரான்சிஸ்டர் அப்படியில்லை, பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் கருகிவிடும். முந்தின நாளே போட்டுப் பார்த்திருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம். ஸ்டீயரிங்கை ஓங்கி ஓங்கிக் குத்தினான். ரேடியோ உள்ள காப்பிக்கடை தேடி ஓடினோம். அங்கே நிகழ்ச்சி முடிந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால், படிக்கட்டில் கண்மணி காத்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, கேட்டீங்களா?"

உண்மையைச் சொல்வான் என்றுதான் நினைத்தேன்.

"கேட்டேம்மா! தேனாட்டம் இருந்துச்சு. அழகப்பன் மாமாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

பிள்ளை அவனையே பார்த்தாள்.

"நான் பாடவே இல்லப்பா. மைக்கைப் பார்த்ததும் பயத்துல தொண்டை அடைச்சிருச்சு. அடுத்த பிள்ளையைப் பாட வச்சுட்டாங்க."

அவன் முதலிலேயே ரேடியோ கருகிப்போச்சும்மா என்று சொல்லியிருந்தால் அப்பனும் மகளும் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். பாவி, அதையும் கெடுத்துக்கொண்டான்! இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. அவள் படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை.