கிளாட்வின் அத்தானின் ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசைக்குப் போவது, கறிக்குழம்பு வைத்துச் சாப்பிடுவது, மத்தியானம் தூங்குவது, அவ்வளவுதான். ஊர் மறந்தாலும் இந்த வழக்கத்தை மறக்கவிடாத ஒரு ஆள் இருந்தார். என் அக்காள் பிளாரன்ஸின் வீட்டுக்காரர், கிளாட்வின் அத்தான். 'இருந்தார்' என்றதும் பயந்துவிட வேண்டாம், இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார். நேற்றுகூட என்னைத் திட்டினார்.

அத்தானுக்கு அறுபது வயது. அதில் நாற்பத்தைந்து வருஷம் கடலில் போனது. ஊர்க் கமிட்டியில் பதவி எதுவும் கிடையாது. ஆனாலும் ஞாயிறு காலையில் முதல் ஆளாகக் கரையில் போய் நிற்பார். எவனாவது போட்டில் கை வைத்தால் தொலைந்தான். மீறிப் போனவன் ஏழு நாள் கோவில் முற்றத்தைப் பெருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். சொல்லப்போனால் அந்தச் சட்டத்தில் மாட்டியது ஒரே ஒருத்தன். பெனிஸ்டன் என்று, கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன வாலிபன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னந்தனியாகப் போய்விட்டு, ஒரு மீன்கூட இல்லாமல் திரும்பினான்.

"ஞாயித்துக்கெழமையும் போயிட்டு வெறும் போட்டோட வாரான் பாரு" என்று கரையே சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. விளக்குமாற்றை நீட்டினார். பெனிஸ்டன் ஒரு வார்த்தை பேசாமல் ஏழு நாளும் பெருக்கினான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, அத்தான், ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடலடித் திட்டான பழைய முத்துப்பாருக்கு வெளியே வலை விட்டிருந்தார். துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பல் ஒன்று வலைமேல் ஏறிப் போனதில் பாதி வலை அறுந்து ஓடிவிட்டது. பொழுது சாயும் வரை தேடினார்கள். கூடப் போனவர்கள் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார்கள். "விடிஞ்சா ஞாயிறுலே. திங்கக்கெழம தேடிக்கிடலாம்" என்று போட்டைத் திருப்பிவிட்டார்.

மறுநாள் பூசை முடிந்து, அக்காள் வீட்டில் இலையில் உட்கார்ந்திருந்தோம். அத்தானின் போன் அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பேசியது வன்னியபெருமாள், வடக்கே ஒரு ஊரில் தொழில் செய்கிறவர். மீன் ஏலத்தில் பழக்கம். அவர்கள் ஊரில் ஞாயிறு கணக்கெல்லாம் கிடையாது.

"அண்ணாச்சி, ஒங்க வலை வான் தீவுக்குக் கிழக்க மெதக்கு. செவப்புச் சிலுவ போட்ட மெதப்புக் கேனப் பாத்துதான் சொல்லுதேன். ஓங்கலு ஒண்ணு மாட்டிக் கெடக்கு. உசிரு இருக்கு."

"நீரு அறுத்து விட்டிருக்கலாம்லா?"

"அடுத்தவன் வலையில எப்படிக் கத்திய வைக்க? கேக்கலாம்னா அங்கன டவர் எடுக்கல. கரைக்கு வந்ததும் மொத போன் ஒங்களுக்குத்தான்."

அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்காமல் அடுத்தவன் வலையை அறுப்பதை எந்தக் கரையும் பொறுக்காது. ஓங்கல் என்று நாங்கள் சொல்வது டால்பினை. அது மீனாக இருந்தால் கவலையில்லை. நம்மைப் போல அதற்கும் மூச்சுக்குக் காற்று வேண்டும். தண்ணீருக்கு மேலே தலையை நீட்ட முடியாமல் போனால் செத்துவிடும்.

அத்தான் எழுந்து கை கழுவினார். வாசல் வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

அக்காள் குழம்புக் கரண்டியும் கையுமாகக் கேட்டாள்: "வெளக்குமாத்துக்குப் பயமா, ஊரு சிரிக்கும்னு பயமா?"

"ஏளா, நாப்பத்தஞ்சு வருசம். ஒரு ஞாயிறு போனதில்ல."

"அது நேத்துலேருந்து மூச்சுக்குத் தவிக்கி. நீங்க வருசத்த எண்ணிக்கிட்டு இருங்க."

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. கூட வர யாரைக் கூப்பிடுவார்? என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனார். நான் முத்தையாபுரத்தில் ஒரு குடோனில் வாட்ச்மேன். அலையைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும்.

கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் போட்டைத் தள்ளுவதைப் பார்த்தார்கள். போட்ட சீட்டு போட்டபடி கிடந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அத்தானுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு மணி நேர ஓட்டம். அவர் செபம் சொல்லிக்கொண்டே வந்தார், நான் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். கேன் தெரிந்ததும் எஞ்சினை நிறுத்தினார். மாட்டியிருந்தது குட்டி. வாலில் வலை சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. அதற்கு அடியில் தாய். தாய்மேல் ஒரு நூல்கூட இல்லை, நினைத்த நேரம் போயிருக்கலாம். குட்டியைத் தன் முதுகில் ஏந்தி, அதன் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஜெரால்டு, ராத்திரி பூரா இப்படித் தாங்கிக்கிட்டுல்ல கெடந்திருக்கா" என்றார் அத்தான். "நேத்தே இன்னுங் கொஞ்சம் தேடியிருந்தா இந்தப் பாடு பட்டிருக்காதுலே."

அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவர் குனிந்து கண்ணி கண்ணியாக அறுத்தார். "தாயே, கொஞ்சம் பொறு. இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு" என்று பேசிக்கொண்டே இருந்தார். தாய் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் இரண்டு பேரும் தண்ணீரில்தான். அது அசையவே இல்லை. கடைசி நூல் தோலுக்குள் பதிந்து கிடந்தது. கத்தியைப் போட்டுவிட்டு நகத்தால் கிள்ளி எடுத்தார். குட்டி விடுபட்டது, அப்படியே மூழ்கிப் போனது. கொஞ்ச தூரம் தள்ளி 'புஸ்' என்று ஒரு மூச்சு. பக்கத்திலேயே பெரிதாக இன்னொன்று.

வலையில் ஒரு பெரிய சீலா மீனும் துடித்துக்கொண்டிருந்தது. வாந்தியெல்லாம் மறந்துபோய் நான் அதை இழுத்தேன்.

"விடுலே அத. ஞாயித்துக்கெழம மீனு நமக்கு எதுக்கு?"

விட்டேன். இன்றைக்கும் அந்த மீனை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

கரையில் போட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அறுந்த வலையைத் தவிர ஒன்றையும் காணவில்லை. நடந்ததைச் சொன்னோம். இதற்கெல்லாம் தண்டனை கிடையாது என்று கமிட்டிக்காரர்களே சொன்னார்கள். அத்தான் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை விடிந்ததும் பார்த்தால் கோவில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். குடோனுக்குப் புறப்பட்ட நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த வழியாக வலைச் சுமையோடு பெனிஸ்டன் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகப் பார்த்தான்.

"ஏலே பெனிஸ்டன்." மூன்று வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. "அன்னிக்கு நீ எதுக்குப் போனன்னு நான் கேக்கவே இல்லியேலே."

பெனிஸ்டன் சுமையை இறக்கி வைத்தான்.

"ஓங்கலுதான் மாமா. சனிக்கெழம நான் எடுக்காம விட்டுட்டு வந்த வலையில மாட்டிக்கிட்டுன்னு ஒருத்தன் சொன்னான். நான் போயிச் சேரும்போது செத்துட்டு. வெளிய சொன்னா பாரஸ்ட்டுக் கேசாயிரும்னு பயம். ரெண்டு நாளு சோறு எறங்கல."

அத்தான் "அந்த ஏழு நாளும் என் கணக்குலே" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பெருக்க ஆரம்பித்தார். பதினாலு நாள் பெருக்கினார். இரண்டாவது வாரம் முழுக்க பெனிஸ்டன் கூட வந்து குப்பையை அள்ளினான்.

இப்போதும் ஞாயிறு காலையில் அத்தான் கரையில் போய் நிற்கிறார். யாராவது போட்டில் கை வைத்தால், "எதுக்குலே போற?" என்று முதலில் கேட்கிறார். பதிலைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் திட்டுகிறார்.